சந்தனம் வைத்த பத்துப் புத்தகங்கள்

காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவன் அச்சுக்கடையில் வேலைக்குச் சேரக் கூடாது. சேர்ந்தால் முத்துராமன் மாதிரி நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். குவைத்தில், ஃபஹாஹீல் கடைத்தெருவின் பின்சந்தில் இருந்த அந்தச் சின்னக் கடையில் தரையெல்லாம் காகிதம். வெட்டு மெஷினிலிருந்து விழுந்த துண்டு, ஜெராக்ஸில் கெட்டுப்போன தாள், ஒரு பக்கம் அரபி அச்சாகி மறுபக்கம் வீணாய்ப்போன விசிட்டிங் கார்டு. மிதிக்காமல் நடக்க முடியாது. மனிதர் ஒவ்வொரு தடவையும் குனிவார். கூட வேலை பார்த்த செய்கு அலாவுதீன் ஆரம்பத்தில் சிரித்தார். அப்புறம் கடை திறந்ததும் முதல் வேலையாகத் துடைப்பத்தை எடுக்கப் பழகிக்கொண்டார். "உங்க இடுப்புக்காகக் கூட்டுறேண்ணே, கடைக்காக இல்ல" என்பார்.

முத்துராமன் தேவகோட்டைக்காரர். காரைக்குடியில் ஒரு டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக்கொண்டிருந்தவர், தொண்ணூற்று ஐந்தில் குவைத்துக்கு வந்தார். இரண்டு வருஷம் தனியாக இருந்து, பிறகு மனைவி சுசீலாவையும் மகள் இளவேனிலையும் அழைத்துக்கொண்டு மங்காஃபில் ஒரு ஃபிளாட்டில் குடியேறினார். இந்தக் கதை நடந்த 2006-ல் இளவேனில் பிளஸ் டூ. வீட்டில் மூச்சு விடுவதுகூட அவளுடைய மார்ச் மாதப் பரீட்சையைக் கேட்டுக்கொண்டுதான்.

அலாவுதீன் கீழக்கரைக்கு மேற்கே ஒரு கடலோர ஊர். கடையில் பைண்டிங் அவர் கை. தைப்பது, ஒட்டுவது, அட்டையில் தங்கத்தாள் வைத்து எழுத்துப் பதிப்பது எல்லாம் அவர். மனைவி ஜுலைஹா பீவியும் இரண்டு பெண்களும் ஊரில். இவர் ஆறு பேரோடு ஒரு ரூமில். அந்த வருஷம் குவைத்திலிருந்து பஸ்ஸில் ஹஜ்ஜுக்குப் போகிற ஒரு குழுவில் பெயர் கொடுத்திருந்தார். கடை லைசென்ஸும் இவர்கள் விசாவும் யார் பேரில் இருந்ததோ அந்தக் குவைத்தி, கஃபீல், மாதம் ஒருமுறை வந்து சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் கடை இவர்கள் இருவருடையதுதான். ஒன்பது வருஷம், ஒரு சொல் தடிக்காமல் ஓடியது.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஹால்வர்சன் என்ற அமெரிக்கர் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கையெழுத்துத் தாள்களோடு கடைக்கு வந்தார். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், அறுபது வயது. அலாவுதீன் சுலைமானி டீ வாங்கிவந்து நீட்டினார். அவர் நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றார். காப்பி? அதுவும் வேண்டாம். பிறகுதான் தெரிந்தது, அவர் மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். டீ, காப்பி, சாராயம், புகை எதுவும் அவர்கள் மதத்தில் ஆகாது. மாதத்தில் ஒரு நாள் நோன்பும் உண்டாம். "வெள்ளைக்காரன் டீயை விட்டுட்டு நோன்பு வைக்கிறான், நம்மாளுக சிகரெட்டை விட முடியாம நோன்பை விடுறானுக" என்று அலாவுதீனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் கொண்டுவந்தது தன் குடும்பத்தின் கதை. அதைச் சுத்தமாக டைப் செய்து, பத்தே பத்துப் பிரதி தைத்துத் தர வேண்டும். பிள்ளைகளுக்கும் தம்பி தங்கைகளுக்கும் கொடுக்க. "வேறு யாரும் பார்க்க வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னார். ஏன் என்று முத்துராமன் கேட்கவில்லை. அவர் கடவுளாகக் கருதியது எழுத்தை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த விஷயம்.

ஆனால் எட்டு மாதம் ஒரு புத்தகத்தை விரலால் படித்தால் அது ஆளைப் பிடித்துக்கொள்ளும். ஃப்ரீமேசன் என்று ஒரு சங்கம். பழைய காலத்துக் கல்தச்சர்களின் வழியில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு, மூலைமட்டத்தையும் கவராயத்தையும் சின்னமாக வைத்திருந்த ரகசியச் சகோதரர்கள். அமெரிக்காவில் ஜனாதிபதிகள், நீதிபதிகள், ஊர்ப் பெரியமனிதர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். 1826-ல் நியூயார்க் பக்கம் வில்லியம் மார்கன் என்ற கல்வேலைக்காரர் அந்தச் சங்கத்தின் ரகசியங்களை அச்சடித்து வெளியிடப்போவதாக அறிவித்தார். சில்லறைக் கடன் ஒன்றைச் சாக்கு வைத்து அவரைச் சிறையில் போட்டார்கள். யாரோ வந்து விடுவித்து, வாசலில் நின்ற மூடுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி, ஆளைக் காணோம். நாடே கொந்தளித்தது. மேசன்களை எதிர்க்கவென்றே ஒரு கட்சி பிறந்து தேர்தலில் நின்றது. மறு வருஷம் ஏரிக்கரையில் ஒரு பிணம் ஒதுங்க, மார்கனின் மனைவி வந்து பார்த்து இவர்தான் என்றார். பிறகு வேறொரு பெண் வந்து, பிணத்தின் உடையைத் தையல் தையலாகச் சொல்லி, இது என் புருஷன் என்றார். பிணம் அவளுக்குப் போனது. மார்கனின் மனைவிக்குப் புதைக்க உடம்புகூட மிஞ்சவில்லை. மார்கனின் மனைவி பின்னாளில் இன்னொருவரை மணந்து, அவரோடு மோர்மன் சபையில் சேர்ந்தாள் என்று ஹால்வர்சன் எழுதியிருந்தார்.

அங்கேதான் அவருடைய குடும்பம் கதைக்குள் வருகிறது. மோர்மன்களின் தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித், 1842 மார்ச்சில் நாவூ என்ற ஊரில் மேசன் சங்கத்தில் சேர்ந்தார். ஏழே வாரத்தில் தன் சபையின் கோவில் சடங்கை ஒன்பது பேருக்குக் கற்பித்தார். ஹால்வர்சனின் பாட்டனாருக்குப் பாட்டனார் இரண்டிலும் இருந்தவர். கைகுலுக்கும் முறை, இடுப்பில் கட்டும் ஏப்ரன் துணி, வாய் திறக்கமாட்டேன் என்ற சத்தியம் என்று இங்கேயும் அங்கேயும் ஒன்றுபோல் சில இருந்தன. தன் கோவில் அந்தச் சங்கத்திலிருந்து எடுத்துக்கொண்டதா, இல்லை இரண்டுமே ஏதோ பழைய ஊற்றிலிருந்து வந்தவையா? இந்தக் கேள்வி நாற்பது வருஷமாக மனிதரை அரித்திருக்கிறது. முந்நூறு பக்கம் எழுதியும் அவர் பதில் சொல்லவில்லை.

கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை முத்துராமன் அலாவுதீனிடம் சொன்ன நாள் இருவருக்கும் நினைவிருந்தது. 1844-ல் ஜோசப் ஸ்மித்தைச் சிறையில் வைத்திருந்தபோது துப்பாக்கிக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தது. அந்தக் கூட்டத்திலும் மேசன்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ஆபத்தில் இருக்கும் சகோதரன் உதவி கேட்டுக் கூவ அந்தச் சங்கத்தில் சில சொற்கள் உண்டு. கேட்ட சகோதரன் எவனானாலும் ஓடிவர வேண்டும். ஜன்னலில் நின்று அவர் அந்தச் சொற்களைத் தொடங்கினார் என்றும், முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்திவிட்டார்கள் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

தைத்துக்கொண்டிருந்த அலாவுதீன் ஊசியை நிறுத்தினார். "ஒருத்தனும் ஓடிவரலையாண்ணே?"

"வரலையேப்பா."

"அப்ப என்னத்துக்கு அந்தச் சங்கம்? சத்தியம் பண்ணி, சாப்பாடு போட்டு, கைய வேற ஒரு மாதிரி குலுக்கி..." என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார்.

செப்டம்பர் கடைசியில் பத்துப் பிரதியும் தயார். கருநீலத் துணி அட்டை. ஹால்வர்சன் அட்டையில் எதுவும் வேண்டாம், வெறுமையாக இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். முத்துராமனுக்கு மனம் ஒப்பவில்லை. எட்டு மாத உழைப்பு, நெற்றியில் ஒரு பொட்டுகூட இல்லாமல் போவதா? உள்ளே ஒரு பக்கத்தில் இருந்த சின்னத்தை ஸ்கேன் செய்தார். மூலைமட்டமும் கவராயமும். ஊரில் கொத்தனார் வீட்டிலும் ஆசாரி வீட்டிலும் ஆயுதபூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைத்துப் படைக்கிற சாமான்தானே, இதிலென்ன வந்தது என்று நினைத்தார். அச்சு செய்து அலாவுதீனிடம் கொடுத்தார். அலாவுதீன் தங்கத்தாள் வைத்து, பத்து அட்டையிலும் பிசிறில்லாமல் பதித்துக் கொடுத்தார். இந்த அரபு நாடுகளில் மேசன் சங்கம் மார்க்கத்துக்கு விரோதி, அந்தச் சின்னத்தைப் பார்த்தாலே ஆகாது என்பது முந்நூறு பக்கத்தை அடித்தவருக்கும் தெரியாது, தைத்தவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அட்டை வெறுமையாக இருக்கட்டும் என்று சொன்னவர், அவரோ காரணத்தைச் சொல்லவில்லை.

அக்டோபர் முதல் தேதி சரஸ்வதி பூஜை. ரமலான் மாதமும் நடந்துகொண்டிருந்தது. கடை காலையில் ஒரு மணி வரை, பிறகு நோன்பு திறந்தபின். முத்துராமன் வருஷா வருஷம் கடையின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் பூஜை போடுவார். கம்ப்யூட்டருக்கும் வெட்டு மெஷினுக்கும் பொட்டு. எலுமிச்சம்பழம் வாங்கிவருவது அலாவுதீன்; நோன்பாளி முன்னால் பொரி கடலையை எடுக்க முத்துராமனுக்குத்தான் கூச்சமாக இருக்கும். அந்த வருஷம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பத்துப் புத்தகங்களையும் அடுக்கினார். ஒவ்வொன்றின் சின்னத்தின் மேலும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, மல்லிகைக்குப் பதில் கிடைத்த பிளாஸ்டிக் பூவைச் சாத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டார். தன் கையால் ஒரு முழுப் புத்தகம் உருவானது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பக்கத்துக் கடை எகிப்துக்காரரோடு பேசிவிட்டு அலாவுதீன் உள்ளே வந்தார்.

"அண்ணே, நேத்து முன்தெருவுல செக்கிங் வந்தாகளாம். பர்மிட் இல்லாம அடிச்சதெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாகளாம். இந்தப் பத்தையும் இப்பவே மங்காஃபுக்கு எடுத்துட்டுப் போயிருங்க."

"படைச்சாச்சேப்பா. நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும். இன்னிக்குத் தொடக்கூடாது."

"அப்ப நான் எடுத்து ரூம்ல வைக்கிறேன். எனக்கு அந்தக் கணக்கு இல்லையே."

"யாருமே தொடக்கூடாது தம்பி. ஒரு ராத்திரிதானே, என்ன ஆயிரப்போகுது?"

அலாவுதீன் அடுக்கையும் அவர் முகத்தையும் பார்த்தார். "சரிண்ணே, உங்க மனசு" என்று பின்னறைக் கதவைச் சாத்தினார். அவர் நினைத்திருந்தால் முத்துராமன் பஸ் ஏறியதும் பத்தையும் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இன்னொருத்தர் சாமிக்கு வைத்ததைத் தொடக்கூடாது என்றால் தொடாத ஆள் அவர். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று சாயந்திரம் முத்துராமன் மங்காஃபில் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். அலாவுதீன் நோன்பு திறந்துவிட்டுத் தனியாகக் கடையைத் திறந்தார். எட்டு மணி வாக்கில் எகிப்துக்காரர் போன் செய்தார். "முத்து, கடைக்கு வராதே. அலாவுதீனை அழைத்துப் போய்விட்டார்கள்."

அவர் இவர்கள் கடை வாசலில் நின்று பார்த்ததைச் சொன்னார். அதிகாரிகள் நாலு பேர். பின்னறையைத் திறந்ததும் பேச்சு நின்றுபோனது. பர்மிட் இல்லாத அச்சு என்றால் அபராதத்தோடு போயிருக்கும். அட்டையில் அந்தச் சின்னம். சின்னத்தின் மேல் சிவப்பாக ஏதோ பூசியிருக்கிறது, முன்னால் பழம், விளக்கு, பின்னால் அவர்களுக்கு அடையாளம் தெரியாத ஒரு படம். ரகசியச் சங்கத்தின் சடங்கே கையும் களவுமாகக் கிடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. செய்தது யார் என்று கேட்டார்கள். அலாவுதீன் தான் பதித்த தங்க முத்திரையைப் பார்த்துவிட்டு, "அனா" என்றார். நான். நீ முஸ்லிம்தானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். இந்தச் சிவப்பு என்ன என்று கேட்டதற்கு மட்டும் அவர் வாய் திறக்கவில்லையாம். அதைச் சொல்லியிருந்தால் முத்துராமன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை தெரியாத நம்பரிலிருந்து போன். யாரோ ஒரு காவலர் இரக்கப்பட்டுக் கொடுத்த மொபைல்.

"அண்ணே, நீங்க வராதீக. உங்க பேரச் சொல்லல. புள்ள படிப்பு இருக்கு. என்னையப் பெருநாளுக்கு முன்னால விட்டுருவாக. வைக்கிறேன்."

போனை வைத்ததும் முத்துராமனுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. அந்த ஒரு மூச்சை அவர் தன் ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை. அதற்கப்புறம்தான் அழுதார். அந்தச் சந்தனம் என்னுடையது, அது எங்கள் கலைமகளுக்கு வைத்தது, அவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மூன்று வாக்கியம் சொன்னால் போதும். சொல்ல வேண்டிய ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

"போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்று சட்டையை மாட்டினார்.

சுசீலா வாசலை மறித்து நிற்கவில்லை, அழவில்லை. "சொல்லுங்க. உங்களையும் உள்ள வைப்பாக. விசா போகும், மூணு பேரும் ஊருக்குப் போகணும். அஞ்சு மாசத்துல பரீட்சை எழுதப்போற புள்ளைய நடுவுல எந்த ஸ்கூல்ல கொண்டுபோய்ச் சேப்பீக? அதுக்கும் பதில் வச்சிருந்தா போங்க" என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. உள்ளறையில் இளவேனில், "அப்பா, அங்கிளை விட்டுருவாங்கதானே? ப்ளீஸ், சொல்லுங்கப்பா" என்றாள். விட்டுவிடுவார்கள் என்றார் முத்துராமன்.

கஃபீலிடம் போனார். கஃபீலுக்குத் தன் கடை லைசென்ஸ்தான் கவலை. "ஒருவன் செய்தேன் என்று சொல்லிவிட்டான். கலாஸ், முடிந்தது. நீ எதற்கு இரண்டாவது ஆளாகப் போகிறாய்? அதிகாரிகள் வைத்த சீலை எடுத்ததும் கடையைத் திற." ஹால்வர்சனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. விசாரித்ததில், கம்பெனி அவரை அந்த வாரமே விமானத்தில் ஏற்றிவிட்டதாகத் தெரிந்தது. பத்து நாள் கழித்து ஓர் ஈமெயில் வந்தது. உங்கள் இருவருக்காகவும் பிரார்த்திக்கிறேன் என்று எழுதியிருந்தார். சின்னத்தை யார் பதிக்கச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பெருநாள் வந்தது, போனது. அலாவுதீன் வரவில்லை. நவம்பர் முதல் வாரத்தில், ஊருக்கு அனுப்பப்போகிறவர்களை வைத்திருக்கும் இடத்துக்கு அவரை மாற்றியிருப்பதாக எகிப்துக்காரர் சொன்னார். துணிமணி கொடுக்கலாமாம். முத்துராமன் அலாவுதீனின் ரூமுக்குப் போய் சட்டை, கைலி, தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். நிற்கும்போதெல்லாம் அந்த மூன்று வாக்கியத்தையும் அரபியில் மனதுக்குள் கோத்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வந்ததும் உள்ளிருந்தவர் பையை வாங்கிக்கொண்டு, அவனுக்கு நீ யார் என்று கேட்டார்.

"சதீக்" என்றார். நண்பன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சும்மா கேட்கிற கேள்விதான், எல்லாரிடமும் கேட்பது. ஆனால் அதைவிடத் தெளிவாக யாரும் அவரிடம் கேட்டிருக்க முடியாது. முத்துராமன் வாயைத் திறந்தார்.

"மாஃபி" என்றார். ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் அலாவுதீனை விரல் ரேகை எடுத்துச் சென்னைக்கு ஏற்றிவிட்டார்கள். இனி அந்தப் பக்கம் திரும்ப முடியாது. ஹஜ் பஸ்ஸில் அவர் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றவர் மங்காஃபில் நல்ல தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால்கூட, வேலைதானே போனது என்று ஆறிப்போயிருக்கும். டிசம்பரில் ஜுலைஹா பீவி போன் செய்தாள். முத்துராமனோடு அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, குவைத்திலிருந்து வந்த ஒருத்தரு ஊர் முழுக்கச் சொல்லிட்டாரு. இவுக ஏதோ ரகசியச் சங்கத்துல சேந்து, ஷைத்தான் சின்னத்துக்குச் சந்தனம் குங்குமம் வச்சுப் பூசை பண்ணுனாகளாம். மார்க்கத்த விட்டுட்டாகன்னு பேசுறாக. பள்ளிவாசலுக்குப் போனா இவுக சலாத்துக்குப் பதில் சொல்ல யோசிக்கிறாக. இவுக உங்க பேர வாயே திறக்க மாட்டேங்கிறாக. நான் இவுகளுக்குத் தெரியாமப் பேசுறேன். நீங்க வர வேணாம்ணே. நடந்தத ஒரு காயிதத்துல எழுதி ஜமாத்துக்கு அனுப்புங்க, போதும்."

"அனுப்புறேம்மா" என்றார் முத்துராமன். "மார்ச்சு மட்டும் முடியட்டும். காயிதம் கைமாறி இங்க வந்துச்சுன்னா... மக பரீட்சை முடிஞ்ச மறுநாளே அனுப்புறேன்."

"புள்ள நல்லா எழுதட்டும்ணே" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் போனது. ரிசல்ட் வரட்டும் என்றார். மே மாதம் ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். அட்மிஷன் முடியட்டும் என்றார். தள்ளிப்போடுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் கடிதத்தை எழுதாத நாள் இல்லை. கடையில் ஆளில்லாத நேரம் அடிப்பார், படிப்பார், அழிப்பார். கீழே கிடந்த காகிதத்தை மிதித்தால் இப்போது குனிவதில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தனக்கு என்ன யோக்கியதை என்று விட்டுவிட்டார்.

ஜூலையில் இளவேனிலைக் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் சேர்த்தார்கள். அடுத்த நாளே முத்துராமன் தனியாகப் புறப்பட்டு, இராமநாதபுரத்தில் பஸ் மாறி, அலாவுதீனின் ஊரில் இறங்கினார். சட்டைப்பையில் இரண்டு பக்கக் கடிதம். கையெழுத்துப் போட்டது. விசா போனாலும் போகட்டும், ஜமாத்தார் முன்னால் தானே நின்று வாசித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அலாவுதீன் இளைத்திருந்தார். இராமநாதபுரத்தில் பள்ளிக்கூட நோட்டு தைக்கிற இடத்தில் வேலை என்றார். கோபம் இருக்கும், முகம் திருப்புவார் என்று முத்துராமன் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தது வீணாய்ப்போனது. அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்காரவைத்து, இளவேனில் மார்க்கைக் கேட்டார். கேட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு கடிதத்தை வாங்கி, விரலை வரிகளின் மேல் ஓடவிட்டு, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். மடித்துத் திரும்ப அவர் பையிலேயே வைத்தார்.

"இது டிசம்பர்ல வந்திருந்தா நான் தலைமேல வச்சுக் கொண்டுபோயிருப்பேண்ணே. இப்ப வேணாம்."

"ஏம்ப்பா?"

"நான் ஒத்துக்கிட்டேன்."

முத்துராமனுக்குப் புரியவில்லை.

"பேசிப் பாத்தேன், யாரும் நம்பல. பெரியவளுக்குப் பாத்த இடம் அப்படியே நின்னுபோச்சு. என்ன பண்ணச் சொல்றீக? போன மாசம் பள்ளியில வச்சு, ஆமா செஞ்சேன், தப்புத்தான்னு சொல்லி, தவ்பா செஞ்சு, மன்னிப்புக் கேட்டு, எல்லார் முன்னாலயும் திரும்பக் கலிமா சொன்னேன். புதுசா வந்தவன் சொல்ற மாதிரி. இப்ப நீங்க வந்து நான் செய்யலைன்னு சொன்னா, அப்ப பள்ளிக்குள்ள நின்னு பொய் சொன்னியாடான்னு கேப்பாக. அது இதவிடப் பெரிசுண்ணே."

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஜுலைஹா பீவியின் குரல் வந்தது. கோபமில்லாத குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மார்க்கம் விட்டவுக திரும்பி வந்தா பழைய நிக்காஹ் செல்லாதுன்னு சொன்னாகண்ணே. அன்னிக்கே எங்களுக்கு மறுபடி நிக்காஹ் ஓதுனாக. எம் புள்ளைக ரெண்டும் உள்ள உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சுக."

டீ வந்தது. முத்துராமன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டார். போன மாதம் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தார். கோயமுத்தூரில், மகளுக்கு எந்த ஹாஸ்டல் நல்லது என்று மூன்று ஹாஸ்டல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அஸர் தொழுகை முடிந்ததும் அலாவுதீன் அவரை பஸ்ஸுக்கு அழைத்துப் போனார். வழியில் பள்ளிவாசல் முன்னால் ஜமாத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, கனிவான முகம். யாரைக் கொடுமைக்காரர் என்று நினைத்து ஏழெட்டு மாதம் முத்துராமன் பயந்துகொண்டிருந்தாரோ அவர் அப்படி இல்லை. அலாவுதீனின் சலாத்துக்கு உடனே பதில் சொன்னார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டார்.

"குவைத்துல என்கூட வேலை பாத்த அண்ணன்" என்றார் அலாவுதீன். பிறகு, முத்துராமனின் முகத்தைப் பார்க்காமலே, "அந்த விஷயத்துல இவுக எனக்கு எவ்வளவோ புத்தி சொன்னாக. நான்தான் கேக்கல" என்றார்.

பெரியவர் முத்துராமனின் இரண்டு கையையும் தன் கைக்குள் பிடித்துக்கொண்டார். "உங்களை மாதிரி ஒரு ஆளு பக்கத்துல இருந்தும் இவன் கெட்டுப்போனானே, பாருங்க. சொன்னீகளே, அதுக்கே உங்களுக்கு நன்மை உண்டு" என்றார்.

முத்துராமன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.